சமூக ஊடகத்தில் எழுதினால் அயல்மொழி வருமா?

"அந்த மொழிக்காரர்களின் பக்கங்களைப் பின்தொடருங்கள், தினமும் கமெண்ட் போடுங்கள், எழுத்து தானாக வந்துவிடும்." அயல்மொழி கற்க நினைக்கும் எவரும் இந்த அறிவுரையை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். இதை நம்பி ஆண்டுக்கணக்கில் ஸ்பானிய மீம்களையும் பிரெஞ்சு ரீல்களையும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். படித்தால் புரிகிறது. ஐந்து வரி எழுதச் சொன்னால் கை நின்றுவிடுகிறது. உடனே, "சமூக ஊடகமெல்லாம் வெறும் பொழுதுபோக்கு, மொழி கற்க உதவாது" என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள்.

இரண்டு முடிவுமே அவசர முடிவுகள். எழுத்துப் பயிற்சிக்குச் சமூக ஊடகம் உண்மையிலேயே அருமையான இடம். ஆனால் அதன் போக்கில் விட்டுவிட்டால் அது எழுதக் கற்றுத்தராது. நீங்கள் எழுதியதை ஒருவர் திருத்த வேண்டும், அந்தத் திருத்தத்தை வைத்துக்கொண்டு நீங்கள் மறுபடி எழுத வேண்டும். கற்றல் நடப்பது அந்த இரண்டாவது எழுத்தில்தான். பெரும்பாலானோர் அதற்கு முன்பே நிறுத்திவிடுகிறார்கள். ஏன் அப்படி, எப்படிச் செய்தால் பலிக்கும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## படித்தால் புரிகிறது, எழுத வரவில்லை

நன்றாகத் தெரிந்த ஒருவரின் முகத்தை ஆயிரம் பேர் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவோம். அதே முகத்தைக் காகிதத்தில் வரையச் சொன்னால் தடுமாறுவோம். காது எந்த உயரத்தில் தொடங்குகிறது, புருவம் வளைவா நேரா, உதட்டுக்கும் மூக்குக்கும் எவ்வளவு இடைவெளி? எதுவும் உறுதியாகத் தெரியாது. தினமும் பார்த்த முகம்தான். ஆனால் அடையாளம் காண இந்த விவரங்கள் தேவைப்படவில்லை. அதனால் மனம் அவற்றைக் குறித்துவைக்கவில்லை.

மொழியிலும் இதுதான் நடக்கிறது. படிப்பதன் வழியாகவும் கேட்பதன் வழியாகவும் நமக்குள் வரும் மொழியை உள்ளீடு என்போம். நாமே எழுதியும் பேசியும் உருவாக்கும் மொழி வெளியீடு. ஒரு வாக்கியத்தில் "நேற்று" என்ற பொருள் தரும் சொல்லைப் பார்த்துவிட்டால், அது இறந்தகாலம் என்று புரிந்துவிடும். வினைச்சொல்லின் விகுதியை நாம் கவனிக்கவே வேண்டியதில்லை. எழுதும்போது தப்ப முடியாது. அந்த விகுதி எது என்று முடிவெடுத்தால்தான் வாக்கியம் முடியும்.

இதைத் தெளிவாகக் காட்டியது கனடாவின் பள்ளிகள். வீட்டில் ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்கு அங்கே பாடங்களைப் பிரெஞ்சிலேயே நடத்தும் திட்டம் ஒன்று உண்டு. பல ஆண்டுகள் அப்படிப் படித்த மாணவர்கள் பிரெஞ்சைக் கேட்டும் படித்தும் மிக நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பேசும்போதும் எழுதும்போதும் மட்டும் இலக்கணப் பிழைகள் விடாமல் தொடர்ந்தன. இதை ஆராய்ந்த மெரில் ஸ்வெயின் 1985-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: புரியும் அளவிலான உள்ளீடு அவசியம், ஆனால் போதாது, துல்லியமாக மொழியை உருவாக்க வேண்டிய கட்டாயமும் வேண்டும். அந்த மாணவர்களுக்கு அந்தக் கட்டாயம் குறைவாகவே இருந்தது. அரைகுறையாகச் சொன்னாலும் ஆசிரியருக்குப் புரிந்துவிட்டது, பாடம் நகர்ந்துவிட்டது.

ரீல் பார்ப்பவரின் நிலையும் இதுவே. உள்ளீடு நிரம்பி வழிகிறது. வெளியீடு ஓர் இதயக்குறியோடு முடிந்துவிடுகிறது.

## எழுதும்போது என்ன நடக்கிறது?

எழுத முயலும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன.

முதலாவது, உங்களுக்குத் தெரியாதது எது என்று தெரியவருகிறது. "நான் அங்கே போயிருந்தால் அவரைப் பார்த்திருப்பேன்" என்று ஜெர்மனில் எழுத உட்காருங்கள். அதுவரை அந்த அமைப்பு தெரியும் என்றுதான் நினைத்திருப்பீர்கள். எழுதத் தொடங்கினால்தான் துணைவினை எது, எந்த இடத்தில் வரும் என்ற கேள்வி எழும். தான் சொல்ல விரும்புவதற்கும் தனக்குச் சொல்லத் தெரிந்ததற்கும் நடுவே உள்ள தூரத்தை உணர்வதை இடைவெளி உணர்தல் என்போம். இதை உணர்ந்தவர் அடுத்தமுறை படிக்கும்போது அதே அமைப்பு கண்ணில் பட்டால் நின்று பார்ப்பார். முன்பு நூறு முறை கடந்துபோன வாக்கியம்தான். இப்போதுதான் அதைத் தேடும் கண் வந்திருக்கிறது.

இரண்டாவது, நீங்கள் ஓர் ஊகத்தைச் சோதிக்கிறீர்கள். "இப்படிச் சொல்வார்கள் போலிருக்கிறது" என்று ஒன்றை எழுதுகிறீர்கள். அது சரியா தவறா என்ற பதில் வந்தால் ஊகம் உறுதிப்படும், அல்லது உடையும். அந்தப் பதிலைத்தான் பின்னூட்டம் என்கிறோம். பதில் வரவே இல்லை என்றால் ஊகம் அப்படியே நிற்கும். பத்து முறை எழுதிய பிறகு அதுவே உங்கள் விதியாகிவிடும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: படிப்பது அடையாளம் காணும் திறனைத் தருகிறது. எழுதுவது தெரியாததைக் காட்டிக்கொடுக்கிறது. பின்னூட்டம் ஊகத்தைச் சரிசெய்கிறது. மூன்றில் ஒன்று விடுபட்டாலும் எழுத்து முன்னேறாது.

## லைக் வந்தால் சரியாக எழுதியதாக ஆகாது

சமூக ஊடகத்தைப் பற்றிய பெரிய தவறான புரிதல் இங்கேதான் இருக்கிறது. "அந்த நாட்டுக்காரர்களே படிக்கிறார்கள், பதில் போடுகிறார்கள், எனவே நான் எழுதுவது சரி" என்று நினைத்துக்கொள்கிறோம். அவர்கள் பதில் போடுவது நீங்கள் சொன்ன விஷயத்துக்கு. நீங்கள் சொன்ன விதத்துக்கு அல்ல. உரையாடலின் நடுவே எதிராளியின் இலக்கணத்தைத் திருத்துவதைப் பலரும் அநாகரிகமாகவே கருதுகிறார்கள். புரிந்துவிட்டால் போதும் என்று விட்டுவிடுவார்கள்.

சில நேரம் திருத்தம் வருகிறது, ஆனால் கண்ணில் படுவதில்லை. ஆங்கிலம் கற்கும் ஒருவர் "யெஸ்டர்டே ஐ ஹேவ் சீன் எ மூவி" என்று எழுதுகிறார். மறுமொழி வருகிறது: "ஓ, யூ சா எ மூவி? விச் ஒன்?" பதில் போட்டவர் "ஹேவ் சீன்" என்பதைச் "சா" என்று மாற்றித்தான் சொல்லியிருக்கிறார். பிழையைச் சுட்டாமல் சரியான வடிவத்தைத் தன் பேச்சில் வைத்துத் திருப்பித் தருவதற்கு மறுவார்ப்பு என்று பெயர். குழந்தைகளிடம் பெரியவர்கள் இப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் திரையில் இதைப் படிப்பவரின் கவனமெல்லாம் "எந்தப் படம்?" என்ற கேள்வியில் இருக்கும். படத்தின் பெயரைப் பதிலாகப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். கிடைத்த திருத்தம் வீணாகிப்போனது.

இப்படித் திருத்தமில்லாமல் நீண்டகாலம் எழுதினால் வேறொரு ஆபத்தும் உண்டு. மொழியியலாளர் லாரி செலிங்கர் 1972-இல் விளக்கிய பிழை உறைதல் அது: ஒரு தவறான வடிவம் பழகிப் பழகி நிலைத்துவிடுவது, பிறகு எவ்வளவு உள்ளீடு வந்தாலும் மாறாமல் போவது. ஆண்டுக்கணக்கில் சரளமாக எழுதுகிறவர்களிடமும் அதே மூன்று நான்கு பிழைகள் திரும்பத் திரும்ப வருவதற்கு இது ஒரு காரணம். யாருக்கும் புரியாமல் போகவில்லை, அதனால் யாரும் சொல்லவில்லை.

## எங்கே எழுதுவது?

தளங்களை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: திருத்துவதற்கென்றே ஆட்கள் இருக்கும் இடம், பொது இடம்.

முதல் வகையில் ஹலோடாக், டாண்டெம் போன்ற மொழிப் பரிமாற்றச் செயலிகள் வரும். நீங்கள் கற்கும் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் உங்கள் மொழியையோ உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேறொரு மொழியையோ கற்க வந்திருப்பார்கள். இருவரும் மாறி மாறித் திருத்திக்கொள்ளலாம்; வாக்கியத்தைத் திருத்திக் காட்டும் வசதி செயலியிலேயே உண்டு. லாங்கரெக்ட் தளம் நாட்குறிப்பு எழுதித் திருத்தம் பெறுவதற்காகவே உள்ளது. ரெட்டிட்டில் "ரைட்ஸ்ட்ரீக்" என்ற பெயரில் பிரெஞ்சு, ஸ்பானியம், ஜெர்மன் எனத் தனித்தனிக் குழுக்கள் இருக்கின்றன. தினமும் ஒரு சிறு பதிவு எழுத வேண்டும், தெரிந்தவர்கள் வந்து திருத்துவார்கள். இவை எதுவும் பிடிக்கவில்லை என்றால் நான்கு முதல் ஆறு பேர் கொண்ட வாட்ஸ்அப் அல்லது டெலிகிராம் குழு போதும். அதில் ஒருவராவது அந்த மொழியை நன்றாக அறிந்தவராக இருக்க வேண்டும். எல்லோரும் தொடக்க நிலையினர் என்றால் ஒருவர் பிழையை மற்றவர் கற்றுக்கொள்வதுதான் நடக்கும்.

பொதுத் தளங்களில் கவனிக்க வேண்டியது எழுத்து வரம்பு. எக்ஸ் (முன்பு டுவிட்டர்) தளத்தின் இலவசக் கணக்கில் 280 எழுத்து, புளூஸ்கையில் 300, திரெட்ஸில் 500, மாஸ்டடானில் பெரும்பாலான சர்வர்களில் 500, இன்ஸ்டாகிராம் படக்குறிப்பில் 2,200. தொடக்க நிலையில் 280 என்பது குறையே இல்லை. மூன்று நான்கு சிறு வாக்கியங்கள் அதில் அடங்கும், திருத்துபவருக்கும் சலிப்புத் தட்டாது. சீனம், ஜப்பானியம், கொரியன் கற்பவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். 2017 நவம்பரில் டுவிட்டர் தன் வரம்பை 140-இலிருந்து 280 ஆக்கியபோது இந்த மூன்று மொழிகளையும் பழைய அளவிலேயே வைத்தது; ஓர் எழுத்தில் அதிகச் செய்தி அடங்கும் மொழிகள் அவை. இன்றும் அவற்றின் ஓர் எழுத்து இரண்டாகவே எண்ணப்படுகிறது.

முதலில் திருத்தும் இடத்தில் எழுதுங்கள். திருத்திய வடிவத்தை மட்டும் பொது இடத்தில் போடுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள் என்பதே எங்கள் உறுதியான பரிந்துரை. பொது இடத்தில் உங்களுக்குக் கிடைப்பது உண்மையான வாசகரும், அவரோடு பேசும் உற்சாகமும். திருத்தத்தை அங்கே எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

## ஒரு பதிவின் முழுச் சுற்று

வாரத்துக்கு மூன்று பதிவு, ஒவ்வொன்றும் 50 முதல் 80 சொல். தினமும் எழுதித் திருத்தத்தைப் பார்க்காமல் விடுவதைவிட இது பலமடங்கு மேல். வேலை இப்படிப் போகும்:

1. குறுகிய பொருள் ஒன்றை எடுங்கள். "என் வாழ்க்கை" வேண்டாம். "நேற்று மாலை ஒரு மணி நேரத்தில் என்ன செய்தேன்" போதும். பொருள் குறுகினால் தேவைப்படும் சொற்களும் குறையும், கவனம் அமைப்பின் மேல் நிற்கும்.

2. மொழிபெயர்ப்பி இல்லாமல் 15 நிமிடம் எழுதுங்கள். தெரியாத சொல்லுக்கு அகராதி பார்க்கலாம், முழு வாக்கியத்தையும் மாற்றித்தரக் கேட்கக் கூடாது. சந்தேகமான இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள். அந்தக் குறிதான் நீங்கள் உணர்ந்த இடைவெளியின் அடையாளம்.

3. எதைத் திருத்த வேண்டும் என்று கேளுங்கள். "திருத்துங்கள்" என்று மொட்டையாகக் கேட்டால் சிலர் எல்லாவற்றையும் மாற்றுவார்கள், சிலர் "நன்றாக இருக்கிறது" என்று போய்விடுவார்கள். "இறந்தகால வினைகளை மட்டும் பாருங்கள்" என்று கேட்டால் பயனுள்ள பதில் வரும்.

4. திருத்தத்தை வரிக்கு வரி ஒப்பிடுங்கள். உங்கள் வாக்கியத்தை மேலேயும் திருத்தியதைக் கீழேயும் வைத்து, எது மாறியிருக்கிறது, ஏன் என்று பாருங்கள். எழுதிய நேரத்தைவிட இதற்குக் குறைவாகச் செலவிட்டால் அவசரப்படுகிறீர்கள் என்று பொருள்.

5. அடுத்த நாள், திருத்தத்தைப் பார்க்காமல் முழுப் பதிவையும் மறுபடி எழுதுங்கள். திருத்தம் நினைவில் இருந்தால் கையில் வரும். வராத இடம் எது என்று அப்போது தெரியும்.

6. ஒரு வாரத்துக்குள் அதே அமைப்பை வேறு பொருளில் பயன்படுத்துங்கள். சினிமா பற்றி எழுதியதில் கற்ற இறந்தகாலத்தைப் பயணம் பற்றிய பதிவில் வேண்டுமென்றே கொண்டுவாருங்கள்.

ஐந்தாவது படியை விட்டுவிட வேண்டாம். திருத்தத்தைப் படித்துத் தலையாட்டுவது மீண்டும் உள்ளீடுதான். முகத்தை இன்னொரு முறை பார்த்ததோடு அது நின்றுவிடுகிறது.

மூன்றாவது படியில் ஒன்றை மட்டும் கேட்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. எழுத்தில் இலக்கணத் திருத்தம் பயனற்றது, அதைக் கைவிட வேண்டும் என்று மொழிக் கற்றல் ஆய்வாளர் ஜான் டிரஸ்காட் 1996-இல் வாதிட்டார். டேனா ஃபெரிஸ் 1999-இல் அதை மறுத்து எழுதினார். அந்த விவாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. பின்னர் ஜான் பிச்சனர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலத்தின் "எ", "த" என்ற சிறு சொற்களின் பயன்பாட்டை மட்டும் குறிவைத்துத் திருத்தியபோது மாணவர்கள் முன்னேறினார்கள், வாரங்கள் கழித்தும் அந்த முன்னேற்றம் நின்றது என்று காட்டியது. ஒரே பதிவில் இருபது வகைச் சிவப்புக் குறிகள் வந்தால் கற்பவருக்கு எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாது. ஒரே வகைப் பிழையில் நான்கு குறிகள் வந்தால் விதி கண்ணுக்குத் தெரியும்.

## ஒரு திருத்தத்தைப் பிரித்துப் பார்ப்போம்

ஆங்கிலம் கற்கும் ஒருவர் எழுதியது இது என்று வைத்துக்கொள்வோம்:

"யெஸ்டர்டே ஐ ஹேவ் சீன் எ மூவி வித் மை ஃபிரெண்ட்ஸ். வி டிஸ்கஸ்டு அபவுட் இட் லாங் டைம். த எண்டிங் வாஸ் வெரி இன்ட்ரஸ்டிங்."

திருத்துபவர் திருப்பித் தந்தது:

"யெஸ்டர்டே ஐ சா எ மூவி வித் மை ஃபிரெண்ட்ஸ். வி டாக்ட் அபவுட் இட் ஃபார் ஏஜஸ். த எண்டிங் வாஸ் ரியலி இன்ட்ரஸ்டிங்."

நான்கு இடங்கள் மாறியிருக்கின்றன. நான்கும் ஒரே வகை அல்ல.

"ஹேவ் சீன்" என்பது "சா" ஆனது விதி சார்ந்த பிழை. "யெஸ்டர்டே" போல முடிந்துபோன ஒரு நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் ஆங்கிலம் எளிய இறந்தகாலத்தைத்தான் கேட்கும். இந்த ஒரு விதியைக் கற்றால் இதே வகையில் நூறு வாக்கியங்கள் சரியாகும்.

"டிஸ்கஸ்டு அபவுட்" வேறு வகை. தமிழில் "அதைப் பற்றிப் பேசினோம்" என்கிறோம். "டாக்" என்ற வினையோடு "அபவுட்" வரும். அதே பழக்கத்தில் "டிஸ்கஸ்" என்பதோடும் ஒட்டிவிடுகிறது. ஆனால் அந்த வினை நேராகச் செயப்படுபொருளை எடுக்கும்: "வி டிஸ்கஸ்டு இட்." எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்ற இந்த வழக்கத்தைச் சொல்லிணைவு என்பார்கள். இதற்குப் பொதுவிதி கிடையாது, ஒவ்வொன்றாகத்தான் கற்க வேண்டும். திருத்துபவர் வினையையே மாற்றிவிட்டதால் இந்தப் பிழை மறைந்தே போய்விட்டது என்பதையும் பாருங்கள். "'டிஸ்கஸ்' என்ற சொல்லையே வைத்துக்கொண்டால் எப்படி எழுதுவது?" என்று ஒரு கேள்வி கேட்டால்தான் பாடம் முழுமையாகும்.

"லாங் டைம்" என்ற இடத்தில் "ஃபார் எ" விடுபட்டிருக்கிறது. அது பிழை. ஆனால் "ஃபார் எ லாங் டைம்" என்று எழுதினாலே சரியாகியிருக்கும். "ஃபார் ஏஜஸ்" என்பது திருத்துபவருக்குப் பழகிய பேச்சு வழக்கு. கடைசியில் "வெரி" என்பது "ரியலி" ஆனதில் பிழை எதுவுமே இல்லை. அது முழுக்க அவர் விருப்பம்.

நான்கையும் ஒரே தட்டில் வைப்பவர் "வெரி இன்ட்ரஸ்டிங்" தவறு என்று தவறாகக் கற்றுக்கொள்வார். அதனால் எந்தத் திருத்தம் வந்தாலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: "நான் எழுதியது தவறா, அல்லது சரிதான் ஆனால் நீங்கள் வேறு மாதிரி சொல்வீர்களா?"

இதையெல்லாம் குறித்துவைக்க நான்கு நெடுவரிசைகள் கொண்ட ஓர் ஏடு போதும்: நான் எழுதியது, திருத்தம், காரணம், அதே அமைப்பில் நானே எழுதிய புது வாக்கியம். நான்காவது நெடுவரிசை காலியாக இருந்தால் மற்ற மூன்றும் வெறும் பதிவேடு. மாதத்துக்கு ஒருமுறை ஏட்டைப் புரட்டினால் ஒரே வகைப் பிழை எத்தனை முறை வந்திருக்கிறது என்று தெரியும். அடுத்த மாதம் எதைத் திருத்தக் கேட்பது என்பதை அதுவே சொல்லிவிடும்.

## திருத்துபவர் எல்லாம் அறிந்தவர் அல்லர்

தாய்மொழியில் எது சரி என்று எவருக்கும் காதே சொல்லிவிடும். ஏன் சரி என்று சொல்லத் தனிப் படிப்பு வேண்டும். "வந்தான்", "வந்திருக்கிறான்" இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று ஒரு வெளிநாட்டவர் திடீரென்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் சரியாக விளக்குவோம்? அதே நிலைதான் அவர்களுக்கும். எனவே திருத்திய வடிவத்தை நம்புங்கள். அதற்குச் சொன்ன இலக்கணக் காரணத்தை ஓர் இலக்கண நூலில் சரிபாருங்கள். இருவர் வேறுவேறாகத் திருத்தினால் அவர்கள் எந்த நாட்டவர் என்று கேளுங்கள். ஸ்பெயினின் ஸ்பானியமும் மெக்சிகோவின் ஸ்பானியமும் பல இடங்களில் பிரியும். இருவரும் சரியாகவே சொல்லியிருக்கலாம்.

தளத்தின் தேடல் பெட்டியையும் சாட்சிக்கு அழைக்கலாம். சந்தேகமான சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். எக்ஸின் மேம்பட்ட தேடலில் மொழியைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் உண்டு. பலர் அப்படியே எழுதியிருந்தால் அந்த வழக்கு உயிரோடு இருக்கிறது. ஒன்றிரண்டே வந்து, அவையும் கற்பவர்களின் பதிவுகளாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

உங்கள் மொழியைக் கற்பவரை நீங்களும் திருத்துங்கள். கொடுக்காதவருக்கு நீண்டநாள் யாரும் கொடுக்க மாட்டார்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அடுத்தவர் பிழையை விளக்க முயலும்போது "தவறு", "வழக்கில் இல்லை", "எனக்குப் பிடிக்கவில்லை" என்ற மூன்றையும் பிரித்துச் சொல்லும் பழக்கம் வரும். பிறகு உங்களுக்கு வரும் திருத்தங்களையும் அதே கண்ணோடு படிப்பீர்கள்.

## எங்கே பிசகும்

விசைப்பலகை உங்களுக்காக எழுதிவிடும். தானியங்கித் திருத்தமும் சொல் பரிந்துரையும் இயங்கிக்கொண்டிருந்தால் எழுத்துக்கூட்டலைக் கற்பது கைபேசிதான். கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகை என்றால் அதன் அமைப்புகளுக்குப் போய்ப் பரிந்துரைப் பட்டையையும் தானியங்கித் திருத்தத்தையும் அணைத்துவிடுங்கள். பிழையை அடிக்கோடிடும் வசதி மட்டும் இருக்கட்டும். அது பிழையைக் காட்டும், சரிசெய்வது உங்கள் வேலையாக இருக்கும். அந்த மொழிக்கான விசைப்பலகையை நிறுவுவதும் கட்டாயம். ஸ்பானியத்தில் வயதைச் சொல்லப் பயன்படும் "ஆன்யோ" என்ற சொல்லில் ஓர் எழுத்தின் மேலுள்ள அலைக்குறியை ஆங்கில விசைப்பலகையில் எழுதுபவர்கள் விட்டுவிடுகிறார்கள். குறி போனால் அது ஆசனவாயைக் குறிக்கும் சொல்.

மொழிபெயர்ப்பி முயற்சியைத் திருடிவிடும். தமிழில் எழுதி மாற்றிப் போட்டால் பதிவு அழகாக இருக்கும். ஆனால் இடைவெளி எதையும் நீங்கள் உணர்ந்திருக்க மாட்டீர்கள், எந்த ஊகத்தையும் சோதித்திருக்க மாட்டீர்கள். திருத்துபவர் திருத்துவதும் இயந்திரத்தின் பிழைகளைத்தான். மொழிபெயர்ப்பியைக் கடைசியில் ஒரு சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம்: நீங்கள் எழுதியதைத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள், சொல்ல வந்ததுதான் வருகிறதா என்று தெரியும். ஆனால் பிழையுள்ள வாக்கியத்தையும் அது ஊகித்துச் சரியாகவே மாற்றிவிடும் என்பதால் இலக்கணத்துக்கு இதைச் சான்றாகக் கொள்ள முடியாது.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் எந்த நேரமும் திருத்தித்தரும், சலிக்காது. ஆனால் "திருத்து" என்றால் முழுப் பத்தியையும் மெருகேற்றித் தந்துவிடும், உங்கள் வாக்கியம் எங்கே போனது என்றே தெரியாது. "பிழையுள்ள இடங்களை மட்டும் குறி, சரியான வடிவத்தைச் சொல்லாதே, என்ன வகைப் பிழை என்று மட்டும் சொல்" என்று கேளுங்கள். நீங்கள் முயன்ற பிறகு விடையைக் கேட்கலாம்.

சமூக ஊடக நடையே மொழி என்று நினைத்துவிடுவது. ஒரே செய்தியை நண்பரிடம் ஒரு விதமாகவும் அலுவலகக் கடிதத்தில் வேறு விதமாகவும் எழுதுகிறோம். சூழலுக்கேற்ற இந்த மாற்றத்தை நடைத்தரம் என்று சொல்லலாம். பிரெஞ்சில் எதிர்மறைக்கு இரண்டு சொற்கள் வர வேண்டும். பேச்சிலும் சாட்டிலும் முதலாவதை விட்டுவிடுவது சகஜம். கடிதத்தில் விட்டால் பிழை. ஸ்பானியர்கள் "ஏன்", "ஏனென்றால்" என்ற பொருளில் வரும் "போர்க்கே" என்பதை எக்ஸ், கியூ என்ற இரண்டே எழுத்தில் முடிப்பார்கள். பெருக்கல் குறியை அவர்கள் "போர்" என்று வாசிப்பதால் வந்த சுருக்கம் அது. போர்த்துகீசியத்தில் "நீங்கள்" என்று பொருள்படும் "வொசே" என்ற சொல் வி, சி என்று சுருங்கும். இவற்றைப் படித்துப் புரிந்துகொள்ளத்தான் வேண்டும். எழுதும்போது முதல் ஆறு மாதமாவது முழு வடிவத்தையே எழுதுங்கள். முழு வடிவம் தெரிந்தவர் எப்போது வேண்டுமானாலும் சுருக்கிக்கொள்ளலாம். சுருக்கம் மட்டும் தெரிந்தவரால் விண்ணப்பக் கடிதம் எழுத முடியாது.

## கணக்கைப் பாதுகாப்பது

கற்பதற்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிழையோடு எழுதும் தயக்கமும் இதனால் குறையும். எழுத்துப் பயிற்சிக்கு மிகவும் கைகொடுக்கும் பொருள்கள் அன்றாட வாழ்க்கை, குடும்பம், வேலை. அவற்றில்தான் முகவரி, பணியிடம், குழந்தையின் பள்ளி எல்லாம் கசியும். பெயரையும் இடத்தையும் மாற்றி எழுதினாலும் இலக்கணப் பயிற்சி குறைந்துவிடாது. மொழிப் பரிமாற்றச் செயலிகளில் காதல் தேடியும் பணம் பறிக்கவும் வருகிறவர்கள் உண்டு. நாலாவது செய்தியிலேயே வேறு செயலிக்கு அழைப்பவர், முதலீட்டைப் பற்றிப் பேசத் தொடங்குபவர், இருவரையும் தயங்காமல் தடைசெய்யுங்கள்.

## பதிவுக்கு அப்பால்

சமூக ஊடகத்தால் கற்றுத்தர முடியாத ஒன்றும் இருக்கிறது: நீண்ட எழுத்து. 280 எழுத்தில் ஒரு வாக்கியத்தை இன்னொன்றோடு கோக்க வேண்டிய தேவை குறைவு. "இருந்தாலும்", "அதனால்", "மறுபுறம்" போன்ற இணைப்புகளும், ஒரு பத்தியை எங்கே முடிப்பது என்ற உணர்வும் அங்கே வளராது. இரண்டு ஆண்டு சிறு பதிவுகள் எழுதியவர் முதன்முதலாக ஒரு பக்கக் கட்டுரை எழுதும்போது அது துண்டு துண்டாகத் தெரிவது இதனால்தான்.

இதற்கு வழி எளிது. மாதத்தில் நான்கு பதிவுகளை ஒரே பொருளின் நான்கு பக்கங்களாக எழுதுங்கள். எல்லாம் திருத்தப்பட்ட பிறகு அவற்றைச் சேர்த்து 300 சொல்லில் ஒரே கட்டுரையாக்குங்கள். வெட்டி ஒட்டினால் நிற்காது. ஒரே தகவல் இருமுறை வந்திருக்கும், காலம் மாறியிருக்கும், முதல் பதிவில் சொன்ன ஆள் மூன்றாவதில் மறுபடி அறிமுகமாவார். அவற்றைச் சரிசெய்வதுதான் பயிற்சி. அந்தக் கட்டுரையைத் திருத்தத் தரும்போது இலக்கணத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டாம். அது ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. "படித்துக்கொண்டு வரும்போது எந்த இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள்.